பட்டறைக் கழிவு பாய்ந்த கரிசலில் பாக்டீரியா ஊற்றினால் குரோமியம் போய்விடுமா?

திருமங்கலம் பக்கம் ஒன்றரை ஏக்கர் கரிசல் நிலம். ஓடைக்கரையில் மேட்டில் இருந்த முலாம் பூசும் பட்டறையின் கழிவு பல மழைக்காலங்களில் மடை வழியாக வயலில் ஏறியிருக்கிறது. பட்டறையை மூடிவிட்டார்கள், ஆனால் மண் பரிசோதனையில் கிலோவுக்கு 280 மி.கி. குரோமியம், 95 மி.கி. நிக்கல், பி.எச். 8.3 என்று வந்திருக்கிறது. உரக்கடையில் "உலோகம் தின்னும் பாக்டீரியா" என்று 5 லிட்டர் கேன் ஒன்றைக் காட்டுகிறார்கள், வாங்கி ஊற்றலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். இதற்குள் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. மண்ணில் வாழும் பாக்டீரியாவால் உலோக நஞ்சை முறிக்க முடியுமா என்பது ஒன்று. அந்த வேலைக்குக் கடையில் விற்கும் பாக்டீரியா வேண்டுமா என்பது இன்னொன்று. குரோமியத்தை முறிக்க முடியும், அது உறுதி. நிக்கலில் அரைகுறையாகத்தான் முடியும், அதுவும் நிலைக்காது. கேன் பெரும்பாலும் தேவைப்படாது. பணத்தை எடுப்பதற்கு முன் ஏன் என்று விளக்கிவிடுகிறேன்.

பூச்சிமருந்து, டீசல் போன்றவை கார்பன் சேர்மங்கள். பாக்டீரியா அவற்றைத் தின்று கரியமில வாயுவாகவும் நீராகவும் ஆக்கிவிடும், பிறகு அந்த நஞ்சு அங்கே இருக்காது. உலோகம் தனிமம். எந்த உயிரியாலும் அதை அழிக்க முடியாது. இன்று 280 மி.கி. என்றால், மண்ணை வெட்டி அப்புறப்படுத்தினாலோ, செடி உறிஞ்சி அந்தச் செடியை நீங்கள் அறுத்து வெளியேற்றினாலோ, நீரில் கரைந்து கீழே இறங்கினாலோ தவிர அது 280-ஆகவேதான் இருக்கும். பாக்டீரியா மாற்றுவது உலோகத்தின் வடிவத்தை. கரையும் வடிவத்திலிருந்து கரையாத வடிவத்துக்கும், செல்லுக்குள் நுழையும் வடிவத்திலிருந்து நுழைய முடியாத வடிவத்துக்கும் அது கொண்டுபோகும். "தின்னும்" என்று எழுதியிருப்பவர் இதை மறைக்கிறார். சிகிச்சைக்குப் பிறகு மறுபடி மொத்தக் குரோமியம் பார்த்து, அதே எண் வந்திருப்பதைக் கண்டு ஏமாந்துவிட்டோம் என்று நினைப்பவர்களும் உண்டு. எண் மாறாது. மாற வேண்டியது அந்த 280-க்குள் இருக்கும் பங்கீடு.

குரோமியம் மண்ணில் இரண்டு நிலைகளில் இருக்கும். ஆறாம் நிலைக் குரோமியம் குரோமேட்டாக நீரில் நன்றாகக் கரையும், புற்றுநோய் உண்டாக்கக்கூடியது, பயிரின் வேரைக் கருக்கும். மூன்றாம் நிலைக் குரோமியம் பி.எச். 6-க்கும் 9-க்கும் இடையில் ஹைட்ராக்சைடாகப் படிந்து, கிட்டத்தட்டக் கரையாமல் மண்ணோடு கிடக்கும். நஞ்சும் பல மடங்கு குறைவு. குரோமேட்டின் வடிவம் சல்பேட்டைப் போலவே இருப்பதால், சல்பேட்டை உள்ளே இழுக்கும் அதே வாசல் வழியாக அது பாக்டீரியாவுக்குள்ளும் வேருக்குள்ளும் நுழைந்துவிடுகிறது. உள்ளே நுழைந்ததை பாக்டீரியாவின் நொதிகள் மூன்று எலெக்ட்ரான்கள் கொடுத்து மூன்றாம் நிலைக்கு இறக்குகின்றன. சூடோமோனாஸ், பேசில்லஸ் போன்ற சாதாரண மண் பாக்டீரியாக்களிலேயே இந்தத் திறன் இருக்கிறது. இந்த வேலை குறித்த ஆய்வு 1970-களிலிருந்தே நடந்து வருகிறது. மறைமுகமான வழியும் ஒன்று உண்டு, வயலில் அதுதான் பெரும்பாலும் முந்திக்கொள்ளும். காற்றில்லாத ஈர மண்ணில் பாக்டீரியா இரும்பைக் கரையும் வடிவத்துக்கு மாற்றும். அந்த இரும்பு குரோமேட்டைச் சந்தித்த வேகத்திலேயே இறக்கிவிடும். இதே வேலையை ரசாயனமாகச் செய்ய உரக்கடையில் கிடைக்கும் அன்னபேதி (இரும்பு சல்பேட்) போதும் என்பதற்குக் காரணமும் இதுதான்.

இங்கே ஒரு வேறுபாட்டை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும், ஏனென்றால் விற்பனைத் துண்டுப் பிரசுரங்கள் எல்லாம் இதைக் குழப்புகின்றன. உலோகத்தைத் தாங்கும் பாக்டீரியா வேறு, உலோக நஞ்சை முறிக்கும் பாக்டீரியா வேறு. 1976-ல் பெல்ஜியத்தின் லியேஜ் பகுதியில் ஒரு துத்தநாக ஆலையின் வண்டல் தொட்டியிலிருந்து பிரித்தெடுத்த குப்ரியாவிடஸ் மெட்டாலிடுரான்ஸ் என்ற பாக்டீரியாவை உலகமே படித்திருக்கிறது. துத்தநாகம், காட்மியம், கோபால்ட் மூன்றையும் அது தாங்குவது எப்படி என்றால், உள்ளே வந்த அயனியைப் பம்பு வைத்து வெளியே தள்ளுவதால். பாக்டீரியா பிழைத்துக்கொண்டது, உலோகம் மறுபடி மண்ணுக்கே வந்துவிட்டது. அதனால் "500 மி.கி. உலோகத்திலும் உயிர் வாழும்" என்று கேனில் எழுதியிருந்தால், அது உங்கள் வயலைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. கேட்க வேண்டிய கேள்வி இது: ஆறாம் நிலைக் குரோமியம் எத்தனையிலிருந்து எத்தனையாகக் குறைந்தது, பாக்டீரியா சேர்க்காத அதே மண்ணில் எவ்வளவு குறைந்தது? இதற்கு எண்ணோடு பதில் சொல்லும் கடைக்காரர் அரிது.

உங்கள் அறிக்கையின் 280 என்பது மொத்தக் குரோமியம். அதை வைத்து மட்டும் முடிவெடுக்க முடியாது. திண்டுக்கல் தோல் பதனிடும் ஆலைகளில் பயன்படுவது பேசிக் குரோமியம் சல்பேட், அதாவது மூன்றாம் நிலை. முலாம் பட்டறையில் தொட்டியில் ஊற்றுவது குரோமிக் அமிலம், அதாவது ஆறாம் நிலை. இரண்டு நிலத்திலும் 280 என்றே வரலாம், ஆனால் ஆபத்து ஒன்றல்ல. உங்களுடையது முலாம் பட்டறைக் கழிவு என்பதால் கவலைப்பட நியாயம் இருக்கிறது. அதே சமயம், கழிவு நின்று சில காலம் ஆகியிருந்தால் மண்ணின் மக்கும் பொருளே ஒரு பகுதியை இறக்கியிருக்கும். எனவே அடுத்த செலவு கேன் அல்ல, ஆறாம் நிலைக் குரோமியச் சோதனை. இந்தச் சோதனையில் இரண்டரை கிராம் மண்ணைச் சோடியம் கார்பனேட்டும் சோடியம் ஹைட்ராக்சைடும் கலந்த காரக் கரைசலில் 90–95 டிகிரியில் ஒரு மணி நேரம் சூடாக்கி எடுத்து, அமிலமாக்கி, டைபினைல்கார்பசைடு சேர்ப்பார்கள். ஆறாம் நிலை இருந்தால் ஊதா கலந்த இளஞ்சிவப்பு வரும், அதை 540 நானோமீட்டரில் அளப்பார்கள். இந்த முறையில் செய்வீர்களா என்று ஆய்வகத்திடம் வாய்விட்டுக் கேட்டுவிட்டே மாதிரி கொடுங்கள். நிக்கலுக்கு டி.டி.பி.ஏ. கரைசலில் (பயிர் எடுக்கக்கூடிய உலோகத்தை மண்ணிலிருந்து கட்டி இழுக்கும் ரசாயனம்) கரையும் அளவைக் கேளுங்கள். துத்தநாகம், இரும்புச் சத்துக்களுக்கு வேளாண் ஆய்வகங்கள் செய்யும் நுண்ணூட்டச் சோதனையும் இதே சாறுதான், அதில் நிக்கலையும் சேர்த்து அளக்கச் சொல்ல வேண்டும். ஒத்தக்கடை வேளாண் கல்லூரி மண்ணியல் துறையில் விசாரித்தால் எது அங்கே முடியும், எதற்கு என்.ஏ.பி.எல். (ஆய்வகங்களின் தரத்தைச் சோதித்துச் சான்று தரும் தேசிய வாரியம்) அங்கீகாரம் உள்ள ஆய்வகம் வேண்டும் என்று சொல்வார்கள்.

மாதிரி எடுப்பதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். கழிவு நீர் வயல் முழுக்க ஒரே சீராகப் பரவுவதில்லை. மடை வாயில் வண்டல் படியும், கடைமடைக்குப் போகும்போது மெலியும். ஒன்றரை ஏக்கர் மண்ணையும் ஒன்றாகக் கலந்து ஒரே மாதிரி கொடுத்தால், மடை வாயில் உள்ள கொடிய மண்ணும் கடைமடையின் நல்ல மண்ணும் சேர்ந்து ஒரு பொய்யான நடுத்தர எண்ணைக் கொடுக்கும். மடை வாய், நடு வயல், கடைமடை என்று மூன்றாகப் பிரியுங்கள். ஒவ்வொன்றிலும் எட்டுப் பத்து இடத்தில் 15 செ.மீ. ஆழம் வரை ஒரு மாதிரி, 15 முதல் 30 செ.மீ. வரை தனியாக ஒரு மாதிரி. நான்காவதாக, ஓடை நீர் ஏறாத மேட்டு நிலத்திலிருந்து அதே கரிசல் மண். இந்த நான்காவது மிக முக்கியம், ஏனென்றால் கரிசலில் இயற்கையாகவே கொஞ்சம் குரோமியமும் நிக்கலும் இருக்கும். 280-இல் பட்டறையின் பங்கு எவ்வளவு என்று அது இல்லாமல் தெரியாது. முலாம் பூசிய கரண்டி, எவர்சில்வர் மண்வெட்டி எதையும் தொடாதீர்கள், இரண்டிலும் குரோமியம் இருக்கிறது. மரக்குச்சி, பிளாஸ்டிக் குவளை போதும். மொத்த உலோகத்துக்கான மண்ணை நிழலில் உலர்த்தலாம். ஆறாம் நிலைக்கான மண்ணை உலர்த்தக் கூடாது, ஏனென்றால் உலரும்போதே அதன் நிலை மாறக்கூடும். ஈரமாகவே காற்றுப் புகாத பிளாஸ்டிக் பையில் கட்டி, பனிக்கட்டிப் பெட்டியில் வைத்து அன்றே கொண்டுபோய்க் கொடுங்கள்.

இனி உங்கள் மண்ணின் குணம். பி.எச். 8.3 என்பது நிக்கலுக்கு நல்லது, குரோமேட்டுக்குக் கெட்டது. நிக்கல் நேர் அயனி. கரிசலின் களிமண்ணும் சுண்ணாம்பும் அதைப் பிடித்து வைத்துக்கொள்ளும். குரோமேட் எதிர் அயனி. கார மண்ணில் அதைப் பிடிக்க ஆள் இல்லை, நீரோடு போகும். அதோடு கரிசல் கோடையில் கை நுழையும் அளவுக்கு வெடிக்கிறது. முதல் மழை அந்த வெடிப்பு வழியாகவே மேல்மண்ணைக் கழுவிக்கொண்டு கீழே இறங்கும், இடையில் இருக்கும் மண்ணின் வடிகட்டும் வேலை நடக்காது. எனவே 15 செ.மீ.க்குக் கீழே எடுத்த மாதிரியைவிடவும் உங்கள் கிணற்று நீர்ச் சோதனை அதிகம் சொல்லும். இந்தியக் குடிநீர்த் தர நிர்ணயத்தில் மொத்தக் குரோமியத்துக்கு லிட்டருக்கு 0.05 மி.கி., நிக்கலுக்கு 0.02 மி.கி. என்று வரம்பு இருக்கிறது. நீரில் மஞ்சள் சாயல் தெரிந்தால் அந்த வரம்பை எப்போதோ தாண்டிவிட்டது என்று பொருள். தெளிவாக இருந்தால் பயமில்லை என்று பொருளல்ல. கொதிக்கவைத்தால் குரோமியம் போகாது, நீர் வற்றும் அளவுக்கு அடர்த்திதான் கூடும். முடிவு வரும்வரை அந்தக் கிணற்று நீரை வீட்டில் யாரும் குடிக்க வேண்டாம், மாட்டுக்கும் காட்ட வேண்டாம்.

கேன் கணக்குக்கு வருகிறேன். திரவ உயிர் உரத்துக்கு உரக் கட்டுப்பாட்டு ஆணை கேட்கும் குறைந்தபட்ச எண்ணிக்கை மில்லிக்கு 10 கோடி உயிரணு. உங்கள் கேனிலும் அதே அளவு இருக்கிறது என்று வைத்துக்கொண்டால் 5 லிட்டரில் 50,000 கோடி. பெரிய எண்ணாகத் தெரியும். ஒரு ஏக்கரில் 15 செ.மீ. ஆழ மண் ஏறக்குறைய 800 டன், அதாவது 80 கோடி கிராம். கேன் முழுவதையும் ஒரு ஏக்கருக்கே ஊற்றினாலும் ஒரு கிராம் மண்ணுக்குச் சுமார் 625 பாக்டீரியாதான் கிடைக்கும். அந்த ஒரு கிராமில் ஏற்கெனவே கோடிக்கணக்கில் குடியிருக்கின்றன. அவை உங்கள் வெயிலுக்கும் உங்கள் குரோமியத்துக்கும் பழகி, எதிர்ப்பு மரபணுக்களைத் தங்களுக்குள் பரிமாறிக்கொண்டவை. புதிதாக வரும் 625 பேர் சில வாரங்களில் காணாமல் போவதுதான் வழக்கம். மூடிய தொட்டியில், ஒரே வகைக் கழிவு நீரைச் சுத்திகரிக்கும்போது வெளியிலிருந்து பாக்டீரியா சேர்ப்பது பலன் தரும். திறந்த வயலில் உள்ளூர் பாக்டீரியாவுக்குச் சாப்பாடு போடுவதுதான் வேலை செய்யும்.

சாப்பாடு என்றால் எலெக்ட்ரான் கொடுக்கும் கார்பன். 52 கிராம் ஆறாம் நிலைக் குரோமியத்தை இறக்க, கணக்குப்படி 22.5 கிராம் குளுக்கோஸ் போதும். கிலோவுக்கு 10 மி.கி. ஆறாம் நிலை இருந்தால் ஒரு ஏக்கரில் 8 கிலோ, அதற்குச் சர்க்கரை மூன்றரை கிலோ. ஆனால் சர்க்கரையின் பெரும்பங்கை பாக்டீரியா மண்ணில் உள்ள ஆக்சிஜனுக்கும் நைட்ரேட்டுக்கும்தான் செலவழிக்கும், குரோமேட்டுக்கு மிச்சம் கிடைப்பது கொஞ்சம். ஜீவாமிர்தம் போதுமா என்று யாராவது கேட்பார்கள் என்பதால் சொல்கிறேன்: 200 லிட்டருக்கு 2 கிலோ வெல்லம் என்ற அளவு இந்த வேலைக்குக் காணாது. நல்ல மக்கிய தொழு உரம் நின்று நிதானமாகக் கார்பன் கொடுக்கும், அதன் ஹியூமிக் பொருட்கள் தாங்களே குரோமேட்டை இறக்கும், உண்டான மூன்றாம் நிலையைப் பிடித்தும் வைக்கும். பச்சைச் சாணமும் மக்காத குப்பையும் வேண்டாம். அவற்றிலிருந்து கரையும் அமிலங்கள் நிக்கலையும் செம்பையும் கட்டித் தூக்கிக்கொண்டு நீரில் இறங்கும்.

வயலில் இறங்குவதற்கு முன் ஜாடியில் பாருங்கள். ஒரு லிட்டர் கண்ணாடி ஜாடி எட்டு, ஒவ்வொன்றிலும் மடை வாய் மண் 200 கிராம். இரண்டில் தண்ணீர் மட்டும். இரண்டில் 4 கிராம் மக்கிய தொழு உரமும் 1 கிராம் வெல்லமும். இரண்டில் அதே உரமும் வெல்லமும், கூடவே கேன் திரவம், கடைக்காரர் சொன்ன அளவைப்போல் பத்து மடங்கு. கடைசி இரண்டில் மண்ணையும் உரத்தையும் குக்கரில் தினம் ஒரு மணி நேரமாக மூன்று நாள் தொடர்ந்து வேகவைத்து, ஆறிய பின் வெல்லக் கரைசலைக் கொதிக்கவைத்துச் சேர்த்து மூடிவிடுங்கள். அதில் உயிர் இருக்காது. எல்லாவற்றிலும் மண்ணுக்கு மேல் ஒரு விரற்கடை நீர் நிற்கட்டும். நிழலில் 4 வாரம். முதல் நாளும் 28-ஆம் நாளும் ஆறாம் நிலை அளக்க வேண்டும். இதற்கு முழுச் சோதனை வேண்டாம். 10 கிராம் மண்ணை 100 மில்லி பாஸ்பேட் கரைசலில் குலுக்கி வடித்து, அதே இளஞ்சிவப்பு நிறச் சோதனையை உள்ளூர் கல்லூரி வேதியியல் ஆய்வகத்திலேயே செய்யலாம். கரிசல் சாறு பழுப்பாக வரும், அதனால் சாயம் சேர்க்காத சாற்றின் நிறத்தைக் கழித்துக்கொள்ளச் சொல்லுங்கள். இரண்டாவது ஜோடியும் மூன்றாவது ஜோடியும் ஒரே அளவு குறைந்திருந்தால் கேனை மறந்துவிடலாம். வேகவைத்த ஜோடியும் அதே அளவு குறைந்திருந்தால் வேலையை உரமே ரசாயனமாகச் செய்திருக்கிறது. அப்படி வந்தாலும் நல்லதே, உங்களுக்கு வேண்டியது விளைவுதான். தண்ணீர் மட்டும் விட்ட ஜோடியிலேயே பாதிக்கு மேல் குறைந்தால், உங்கள் மண் ஈரம் கிடைத்தாலே தானாக வேலை செய்கிறது.

ஜாடியில் பலன் தெரிந்தால் ஒரு சென்ட்டில் முயற்சி செய்யுங்கள், நேராக ஏக்கருக்குப் போக வேண்டாம். ஒரு சென்ட் 40 சதுர மீட்டர், மேல் 15 செ.மீ. மண் 8 டன். அதற்கு மக்கிய தொழு உரம் 100 கிலோ. ஏக்கருக்கு வழக்கமாகச் சொல்லும் 5 டன் பரிந்துரையைப்போல் இது இரண்டு மடங்கு. மண்ணோடு 15 செ.மீ. ஆழத்துக்குக் கொத்திக் கலக்குங்கள், மேலே தூவி விட்டால் பலன் இல்லை. கழிவு வெல்லம் 5 கிலோ கரைத்து பாசன நீரோடு இரண்டு தவணையாக விடுங்கள். சுற்றிலும் வரப்பைப் பலப்படுத்தி, பிடித்தால் உருண்டையாகி விரலிடுக்கில் நீர் கசியும் பதத்தில் நான்கு வாரம் வைத்திருக்க வேண்டும். யூரியா, அம்மோனியம் சல்பேட் இரண்டும் அந்த மாதங்களில் வேண்டாம். அம்மோனியா நைட்ரேட்டாக மாறும்போது அமிலம் உண்டாகி நிக்கலை அவிழ்க்கும், உண்டான நைட்ரேட் குரோமேட்டோடு எலெக்ட்ரானுக்குப் போட்டியிடும். தை, மாசியில் தொடங்குவது நல்லது. மண் இன்னும் வெடித்திருக்காது, மழையும் குறுக்கே வராது. ஐப்பசிக்கு முன் தொடங்கினால் இறங்கி முடியாத குரோமேட்டை வடகிழக்குப் பருவமழை கிணற்றுக்குக் கொண்டுபோகும்.

தவறு நடப்பது எங்கே என்றும் தெரிந்திருக்க வேண்டும். அழுகிய முட்டை வாடை வந்து மண் கன்னங்கரேலென்று மாறினால், சல்பேட்டைச் சுவாசிக்கும் பாக்டீரியா வேலை தொடங்கிவிட்டது. அவை உண்டாக்கும் சல்பைடு நிக்கலைப் பிடித்துப் படிய வைக்கும். நெதர்லாந்தில் பூடல் துத்தநாக ஆலையில் 1992 முதல் இதே வித்தையால்தான் நீரில் இருந்து உலோகத்தைப் பிரித்து வருகிறார்கள். அது எப்போதும் நீர் நிறைந்த மூடிய கலம். உங்கள் வயல் சித்திரையில் காய்ந்து வெடிக்கும், காற்றுப் பட்டதும் சல்பைடு ஆக்சிஜனேற்றம் அடைந்து நிக்கல் திரும்பி வரும். அதனால்தான் நிக்கலில் நிலைக்காது என்றேன். நிக்கலுக்கு உங்கள் மண்ணின் சுண்ணாம்பே பெரிய காவல், பி.எச். 7.5-க்குக் கீழே போகவிடாமல் பார்த்துக்கொண்டால் போதும். மூன்றாம் நிலைக் குரோமியம் காய்ந்தாலும் அப்படியேதான் இருக்கும், ஒரு விதிவிலக்கோடு: மண்ணில் உள்ள மாங்கனீசு ஆக்சைடு அதை மறுபடி ஆறாம் நிலைக்கு ஏற்ற வல்லது. 1979-லேயே இது நிரூபணம் ஆகிவிட்டது. புதிதாகப் படிந்ததில் நடக்கும், நாள்பட்டு இறுகியதில் குறையும். மக்கும் பொருள் போதுமான அளவு இருக்கும்வரை ஏறியது மறுபடி இறங்கும். எனவே ஒருமுறை உரம் போட்டுவிட்டு விட்டுவிடாமல் ஆண்டுதோறும் ஏக்கருக்கு 5 டன் தொழு உரம் தொடர வேண்டும்.

அன்னபேதியைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஒரு கிராம் ஆறாம் நிலைக் குரோமியத்துக்குக் கணக்குப்படி 16 கிராம் அன்னபேதி. கார மண்ணில் அது காற்றோடு சேர்ந்து சீக்கிரம் வீணாகும், அதனால் இரண்டு மூன்று மடங்கு தேவைப்படும். மடை வாயில் மட்டும் ஆறாம் நிலை அதிகமாக இருந்தால், அங்கே அன்னபேதியும் மற்ற இடத்தில் தொழு உரமும் என்று பிரித்துச் செய்வதே எனக்குச் சரியாகப் படுகிறது. பட்டறை இருந்த இடத்தில் பச்சை, மஞ்சள் நிறச் சகதி மூட்டையாகவோ குழியிலோ கிடக்கிறதா என்றும் பாருங்கள். கிடந்தால் ஒவ்வொரு மழைக்கும் அது உங்கள் வயலுக்கு வரும், கீழே என்ன சிகிச்சை செய்தாலும் நிற்காது. அதை நீங்கள் தொட வேண்டாம். அபாயகரக் கழிவு என்ற வகையில் அதை அகற்றும் பொறுப்பு பட்டறையை நடத்தியவருக்கு உண்டு, மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்டச் சுற்றுச்சூழல் பொறியாளரிடம் எழுத்தில் மனுக் கொடுத்து ரசீது வாங்குங்கள்.

இதைப் படிக்கும் மற்றவர்கள் குரோமியத்துக்குச் சொன்னதை வேறு உலோகத்துக்கு எடுத்துக்கொள்ளக் கூடாது. பாதரசத்தை இறக்கும் பாக்டீரியா அதை ஆவியாக்கி மண்ணிலிருந்து காற்றுக்கு அனுப்புகிறது. காற்றில்லாத சேற்றில் வேறு சில பாக்டீரியாக்கள் அதே பாதரசத்தை மீதைல் பாதரசமாக்கி மீனில் ஏற்றிவிடுகின்றன. உங்கள் வயலுக்குச் சொன்ன ஈரமும் வெல்லமும் அங்கே ஆபத்து. 2001-ல் மூடப்பட்ட கொடைக்கானல் வெப்பமானி ஆலையின் மண்ணுக்குக் கழுவுதலும் வெப்பமுறையும்தான் தேர்வாயின. ஆர்செனிக் உள்ள மண்ணில் தண்ணீர் தேக்கி வைத்தால் பாக்டீரியா அதைக் கரைத்து வெளியே விடும். பழைய பேட்டரி உருக்கிய இடத்தின் ஈயத்துக்கு பாஸ்பேட் கொடுத்துக் கரையாத தாதுவாக்குவது சரியான வழி. மண்ணில் உள்ள பாஸ்பேட்டைக் கரைத்துக் கொடுக்கும் பாஸ்போபாக்டீரியா அதற்கு உதவும் என்பதற்கு ஆய்வகச் சான்று நிறைய இருக்கிறது, வயல் சான்று குறைவு. காட்மியம் உள்ள நெல் வயலில் கதிர் வரும் சமயம் நீர் கட்டினால் அரிசியில் காட்மியம் குறையும், ஆனால் ஆர்செனிக் கூடும். எந்த உலோகம் என்று தெரியாமல் "உலோக பாக்டீரியா" என்று ஒன்றை ஊற்றுவது அதனால்தான் எனக்கு ஒப்பவில்லை.

இடைப்பட்ட காலத்தில் அந்த நிலத்தில் கீரை, முள்ளங்கி, வெங்காயம் வேண்டாம். குரோமியம் பெரும்பாலும் வேரிலேயே தங்கிவிடும், நிக்கல் தண்டுக்கும் விதைக்கும் ஏறும். தீவனச் சோளமும் வேண்டாம். பருத்தி, ஆமணக்கு, செண்டுமல்லி, மல்லிகை வைக்கலாம். மல்லிகை வைத்தால் கவாத்து செய்த தழையை ஆட்டுக்குப் போடும் பழக்கத்தை அங்கே நிறுத்த வேண்டும், மாட்டையும் ஆட்டையும் வரப்பில் மேய விடவும் கூடாது. கோடையில் உழும்போது மூக்கையும் வாயையும் துணியால் கட்டிக்கொள்ளுங்கள், ஆறாம் நிலைக் குரோமியம் தூசியோடு உள்ளே போவதுதான் உழுபவருக்கு முதல் ஆபத்து. குழந்தைகள் அந்த மண்ணில் விளையாட வேண்டாம்.

நான் இங்கே சொன்ன உர அளவு கிலோவுக்கு 10 மி.கி. ஆறாம் நிலை என்ற அனுமானத்தில் சொன்னது. உங்கள் மடை வாயில் 50, 100 என்று வந்தால் தொழு உரம் மட்டும் போதாது. அந்த இடத்து மண்ணை வெட்டி எடுத்து, கும்மிடிப்பூண்டியில் இருப்பதைப் போன்ற பாதுகாப்பான கழிவுக் கிடங்குக்கு அனுப்புவதா என்று வாரியத்தோடு பேச வேண்டியிருக்கும். நான்கு இடத்து ஆறாம் நிலை எண், டி.டி.பி.ஏ. நிக்கல், கிணற்று நீர் முடிவு மூன்றும் கைக்கு வந்ததும் இங்கேயே பதியுங்கள், ஏக்கருக்கான அளவைக் கணக்கிட்டுச் சொல்கிறேன். சிகிச்சை தொடங்கினால் ஒரு மாதத்திலும், ஆறு மாதத்திலும், ஒரு ஐப்பசி கார்த்திகை மழை முடிந்த பிறகும் அதே இடங்களில் மறுபடி ஆறாம் நிலை பார்க்க வேண்டும். இடம் மாறாமல் இருக்க இப்போதே வரப்பிலிருந்து அடிக்கணக்கில் அளந்து எழுதி வைத்துவிடுங்கள்.